மணி சிரிக்காது

நான் முதன்முதலில் கூலி வாங்கியது ஒரு பூசணிக்காயில் படம் போட்டதற்கு. அப்போது எனக்குப் பதினொரு வயது. மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா போர்டு எழுதும் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு தகரக் கூரை, இரண்டு முக்காலி, வரிசையாக எனாமல் பெயின்ட் டப்பாக்கள், எந்நேரமும் மண்ணெண்ணெய் வாடை. புதுவீடு கட்டுகிறவர்கள் கண் பட்டுவிடாமல் இருக்கத் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணிக்கு முகம் எழுதுவது எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது.

வெண்பூசணித் தோலில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு பொடி இருக்கும். ஈரத்துணியால் அதைத் துடைத்துக் காயவைக்காமல் பெயின்டைத் தொட்டால் ஒட்டாது. மறுநாள் மீசை தனியாக உரிந்து கையோடு வரும். தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அது. இரண்டாவது பாடத்தை அப்பா சொன்னார்: "முழியப் பெருசாப் போடு தாயி. மீசைக்கும் பல்லுக்கும் யாரும் பயப்பட மாட்டாக. முழிக்குத்தான் பயம். முழிக்குத்தான் காசு."

அப்பாவின் பெயர் பெற்ற வேலை கறிக்கடை போர்டுகள். அவர் எழுதும் ஆடு பல் தெரியச் சிரிக்கும். மிலிட்டரி ஓட்டல் போர்டில் சேவல் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பிரியாணித் தட்டை ஏந்தி வாடிக்கையாளரை வரவேற்கும். "வெட்டப்போற ஆடு எதுக்குப்பா சிரிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆடு சிரிச்சாத்தான் கடைக்காரரு பாக்கியக் குடுப்பாரு" என்றார்.

இன்று என் மேசையில் இரண்டு வகை வேலைதான் நடக்கிறது. ஒன்று, தின்பண்டங்களுக்கு முகம் வைப்பது: கன்னம் உப்பிய இட்லி, வாய் பிளந்த உளுந்தவடை, வெட்கப்படும் கொழுக்கட்டை. இன்னொன்று, வீடுகளில் வளர்க்கும் நாய், பூனைகளின் உருவப்படம். கையும் பிரஷ்ஷும் தாளும் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே தொழில் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது செத்துப்போன ஒரு நாய். அதற்கு முன் இட்லிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து எழுதுகிற போர்டை மிஷின் ஒரு மணி நேரத்தில் துப்பியது. அதிலும் ஆடும் சேவலும் இருந்தன. ஆனால் எங்கிருந்தோ எடுத்த போட்டோக்கள், சிரிக்கவில்லை. கடைசிக் காலத்தில் அப்பா வண்டி நம்பர் பிளேட்டுகளும் கோயில் திருவிழா வளைவுகளும் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலைக்குப் போய்விட்டேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை, ராத்திரி வீட்டில் சாப்பிட மறுக்கும் மகள்.

அவளுக்கு ஊட்டுவதற்காக ஒருநாள் பழைய நோட்டுத்தாளில் ஓர் இட்லியை வரைந்து, இரண்டு கண் வைத்து, "பாரு, உன்னயக் கூப்பிடுது" என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், அழ ஆரம்பித்துவிட்டாள். "பாவம்மா. திங்க மாட்டேன்." சாப்பிட வைக்கப் போட்ட முகம் சாப்பாட்டையே நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் தோசை.

உணவுக்கு முகம் வரைகிற எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். முகம் வந்தால் உயிர் வந்துவிடுகிறது. உயிர் உள்ளதை எப்படிக் கடிப்பது? இதற்கு மிக அழகான தீர்வைக் கண்டவர் ஜப்பானின் யானாசே தகாஷி என்பேன். 1973இல் அவர் வெளியிட்ட படப்புத்தகத்தின் நாயகன் ஆன்பான்மன். இனிப்புப் பயற்றுப் பூரணம் வைத்த பன்தான் அவன் தலை. பசித்தவரைக் கண்டால் தன் முகத்திலேயே ஒரு துண்டைப் பிய்த்துக் கொடுப்பான். பேக்கரிக்காரர் அவனுக்குப் புதுத் தலை சுட்டுத் தருவார். யானாசே இரண்டாம் உலகப் போரில் படையில் இருந்து பசி என்றால் என்னவென்று அறிந்தவர். அவரைத் தெரிந்துகொண்ட பிறகு என் பண்டங்கள் எல்லாமே தின்னப்படச் சம்மதித்தவை ஆகிவிட்டன. இட்லி தானே சாம்பாரில் இறங்கிக் குளிக்கும். அப்பளம் தன்னை நொறுக்கச் சொல்லி முதுகைக் காட்டும். மகளும் இட்லிக்குத் திரும்பினாள்.

இந்த வேலைக்குச் சில கணக்குகள் உண்டு. கண்களை முகத்தின் பாதிக்குக் கீழே, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால் குழந்தைத்தனம் வரும். பெரிய நெற்றி, தாழ்ந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம் ஆகியவை மனிதர்களிடம் பரிவைக் கிளப்பும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே எழுதியிருக்கிறார். அதே கண்ணை மேலே ஏற்றி நெருக்கி வைத்தால் இட்லி வட்டிக்கடைக்காரர் ஆகிவிடும்.

இன்னொன்று, பண்டத்தில் ஏற்கனவே இருப்பதையே உறுப்பாக்க வேண்டும். வடைக்குத் தனியாக வாய் வரையக் கூடாது, ஓட்டைதான் அதன் வாய். அப்பளத்துக்குக் கொப்புளங்களே பருக்கள். முறுக்கைச் சுருண்டு தூங்கும் பூனையாக வரைந்தேன். காது இரண்டு மட்டும்தான் நான் சேர்த்தது. ரசத்துக்கு உருவம் கிடையாது, ஆகவே டம்ளருக்குத்தான் முகம். உப்புமாவுக்கு இன்றுவரை முகம் கிடைக்கவில்லை. யார் கேட்டாலும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

நிறத்தில் கஷ்டமானது இட்லிதான். வெள்ளைத் தாளில் வெள்ளை இட்லி. வெள்ளை பெயின்டை அப்பினால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் முழுக்க இலையில் இட்லியை வைத்து உற்றுப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இலையின் பச்சை இட்லியின் அடிவயிற்றில் மெல்ல ஏறியிருக்கிறது. சன்னல் பக்கம் இளமஞ்சள், மறுபக்க நிழலில் கொஞ்சம் நீலம். நடுவில் மட்டும்தான் வெள்ளை. அந்த இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

"இதெல்லாம் ஒரு ஓவியமா?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. ரோமப் பேரரசர் என்ற பட்டம் தாங்கிய இரண்டாம் ருடால்ஃபையே 1591 வாக்கில் காய், பழம், பூக்களால் கட்டி வரைந்தார் இத்தாலியின் ஆர்ச்சிம்போல்தோ. மன்னரின் மூக்கு ஒரு பேரிக்காய். மன்னர் கோபிக்கவில்லை, மகிழ்ந்தார். அந்தப் படம் இன்று ஸ்வீடனில் ஒரு கோட்டையில் தொங்குகிறது. உறவினர்களுக்கு இதைச் சொன்னேன். அவர்கள் பேரிக்காய் கிலோ என்ன விலை என்று பேசப் போய்விட்டார்கள்.

சமையலறையில் மாட்ட என் இட்லிப் படத்தை வாங்கிப்போன ஒருவர்தான் முதலில் கேட்டார்: "அக்கா, எங்க வீட்டு நாயையும் இதே மாதிரி அழகா வரைஞ்சு தர்றீங்களா?" 'இதே மாதிரி' என்ற சொல்லில் இருந்த பள்ளம் எனக்கு அப்போது தெரியவில்லை. வரைந்தேன். நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிக்கும் லேப்ரடார். அவர்களுக்குப் பிடித்தது. அவர்கள் சொல்லி இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். எல்லா நாயும் சிரித்தது. நாட்டு நாயும் பொமரேனியனும் ஒரே சிரிப்புச் சிரித்தன.

அப்புறம் ராஜபாளையம் பக்கமிருந்து ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். கையில் மகளின் கல்யாண ஆல்பம். அதில் ஒரு பக்கத்தை விரித்து மூலையைக் காட்டினார். சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு வெள்ளை நாய். பெயர் மணி. அசல் ராஜபாளையம். செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதிமூன்று வருடம் வளர்த்த நாய்க்கு இருந்தது அந்த ஒரே படம்தான். அதிலும் ஃபிளாஷ் பட்டுக் கண் இரண்டும் பச்சைக் கோலிக்குண்டாக ஒளிர்ந்தன. நாயின் விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் உண்டு. இருட்டில் அதற்குக் கண் தெரிய உதவும் அந்தப் படலம்தான் போட்டோவில் கண்ணை அழித்துவிடும்.

ராஜபாளையம் நாயை வரைவது வெள்ளை இட்லியை வரைவதைப் போலத்தான். 2005இல் தபால்தலையிலேயே வந்த பெருமை உள்ள இனம் அது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்த காது. இட்லியில் கற்ற பாடம் கைகொடுத்தது. நாயைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள திண்ணையையும் செம்மண் தரையையும் முதலில் வரைந்தேன். அடிவயிற்றில் செம்மண்ணின் நிறத்தை லேசாக ஏற்றினேன். கழுத்தடியில் நீலம். மூன்றாம் நாள் மணி தாளிலிருந்து எழுந்து நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

வாத்தியார் வந்து பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "நல்லா வந்திருக்கும்மா. அச்சா ராஜபாளையம். ஆனா இது சிரிக்குதே. எங்க மணி சிரிக்காதும்மா."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அவர் போன பிறகு அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அப்போது அவருக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. படத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏ தாயி, இது நம்ம கறிக்கடை ஆடுல்ல?"

சத்தியமாக அது அந்த ஆடுதான். உதட்டின் ஓரத்தை மேலே தூக்கிவிடுகிற அந்த ஒரு சுழிப்பு என் கைக்குள் பதினொரு வயதிலிருந்தே உட்கார்ந்திருந்தது. இட்லிக்கு முகம் இல்லை, அதனால் நான் வைத்ததுதான் முகம். மணிக்கு முகம் இருந்தது. பதிமூன்று வருடம் ஒரு வீடே தினம் பார்த்த முகம். அதன்மேல் என் முகத்தை ஒட்டவைத்திருக்கிறேன். பூசணித்தோலைத் துடைக்காமல் எழுதின மீசை மாதிரி, அவர் கண் பட்டதும் உரிந்து வந்துவிட்டது.

மறுநாள் வாத்தியாருக்கு போன் செய்தேன். இந்த முறை படத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மணியைப் பற்றிக் கேட்டேன். "நீங்க ஸ்கூல் விட்டு வரும்போது அது எங்கய்யா நிக்கும்? எப்படிப் பாக்கும்?" அவர் சொல்லத் தொடங்கினார். கேட்டுக்கு வராது. ஓடி வராது, குரைக்காது. திண்ணை ஓரத்தில் எழுந்து நிற்கும். தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கும். அப்போது இடது காது மட்டும் பின்னால் போய்விடும். வலது காது அப்படியே இருக்கும். சின்ன வயதில் வேறொரு நாய் கடித்ததில் அந்தக் காதில் ஒரு தழும்பு உண்டு. இதில் ஒன்றுகூட போட்டோவில் இல்லை.

புதுத் தாள் எடுத்து மறுபடி வரைந்தேன். வாயை மூடினேன். காதைப் பின்னால் தள்ளினேன். வாங்க வந்தவர் அதைக் கையில் வாங்கியதும், "இதான்" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் பாக்கிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு என் வேலைமுறையே மாறிவிட்டது. நாயின் முகபாவம் வாயில் இல்லை என்பதை அனுபவத்தில் கண்டேன். வாய் விரிவது பெரும்பாலும் புழுக்கத்தால், சில சமயம் பதற்றத்தால். பாவம் இருப்பது காதிலும் புருவத்திலும். நாய்க்கு உள்புருவத்தை உயர்த்தும் ஒரு தசை நன்றாக வளர்ந்திருப்பதாகவும் ஓநாய்களிடம் அது ஏறத்தாழ இல்லை என்றும் 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. மனிதனோடு வாழ வந்த பிறகு நாய் சம்பாதித்த முகம் அது. அந்தப் புருவத்தை விட்டுவிட்டு வாயில் சிரிப்பை ஒட்டுவது எவ்வளவு பெரிய அவமரியாதை!

இப்போது கண்ணைத்தான் முதலில் வரைகிறேன். கண் சரியாக வரவில்லை என்றால் அங்கேயே தாளைக் கிழித்துவிடலாம், மூன்று நாள் உழைப்பு மிச்சம். கருவிழியில் வெளிச்சப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் விழ வேண்டும். ஒன்று மாறினாலும் நாய்க்கு மாறுகண் வந்துவிடும். கறுப்பு நாய்க்குக் கறுப்பு டியூபைத் திறப்பதே இல்லை. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும். முதுகில் நீலம் தூக்கல், வயிற்றில் பழுப்பு தூக்கல். வரிப்பூனை என்றால் நெற்றியில் ஆங்கில 'எம்' மாதிரி ஒரு குறி இருக்கும். ஒவ்வொரு பூனைக்கும் அது தனிக் கையெழுத்து. உச்சி வெயிலில் எடுத்த போட்டோவில் பூனையின் கண்மணி நெல்லுமி அளவுக்குச் சுருங்கி, முகமே கடுகடுவென்று ஆகிவிடும். சாயங்காலப் படம் கேட்டு வாங்குவேன்.

இசைத்தட்டு காலத்தில் பிறந்தவர்களுக்கு 'நாய் மார்க்' தெரியாமல் இருக்காது. குழலுக்குள் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய் கற்பனை இல்லை. நிப்பர் என்ற பெயரில் இங்கிலாந்தில் 1884இல் பிறந்து 1895இல் செத்தது. ஓவியர் பிரான்சிஸ் பராட் அது போன பிறகுதான் வரைந்தார். முதலில் வரைந்திருந்தது வேறு கருவி. கிராமபோன் கம்பெனி 1899இல் படத்தை வாங்க முன்வந்தபோது தங்கள் கருவியை வரையச் சொன்னது. பழையதன் மேலேயே பெயின்ட் அடித்துப் புதியதை வரைந்து கொடுத்தார். படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன். மிஷினை மாற்றினார், நாயை மாற்றவில்லை. அந்தச் சாய்ந்த தலை நிப்பருடையது, அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நம் ஊரிலும் இதற்கு முன்னோர் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்துச் செத்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சிற்பி தன் பெயரைப் போடவில்லை, நாயின் பெயர் இருக்கிறது. அதைப் படித்த பிறகு என் படங்களின் அடியில் நாயின் பெயரைத்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து பின்பக்கம்.

காசு விஷயத்தையும் மறைப்பானேன். ஏ4 அளவுக்கு 3500 ரூபாய் வாங்குகிறேன். பதினெட்டு மணி நேர வேலை, 300 ஜி.எஸ்.எம். பருத்தித்தாள், கூரியர் எல்லாம் போனால் மிச்சம் அதிகமில்லை. மாதத்தில் நாலைந்து நாய்கள்; மீதியை இட்லியும் முறுக்கும் நிரப்புகின்றன. ஒருமுறை வெளியூர் இனிப்புக் கடை ஒன்றின் டப்பா மேல் என் தூங்கும் முறுக்கைப் பார்த்தேன். கேட்டதற்கு, "நெட்ல இருந்துச்சு மேடம்" என்றார்கள். வக்கீலைப் பார்த்த பிறகுதான் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் தெரிந்துகொண்டேன். நானாக வரைந்த முறுக்குக்கு உரிமை என்னுடையது. ஆனால் ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு வரைந்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. இளையவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். கடைக்காரர் கடைசியில் ஒரு தொகை கொடுத்தார். கூடவே இரண்டு கிலோ முறுக்கும் அனுப்பினார். நன்றாகவே இருந்தது.

இப்போது போட்டோவைப் போட்டால் அரை நிமிடத்தில் வாட்டர்கலர் ஆக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அப்பாவுக்கு ஃபிளெக்ஸ், எனக்கு இது. இட்லி வேலை கொஞ்சம் குறைந்திருப்பது உண்மை. நாய் வேலை குறையவில்லை. போட்டோவில் இருப்பதைத்தான் செயலி மாற்றித் தருகிறது. மணியின் இடது காது போட்டோவில் இல்லை, வாத்தியாரிடம் இருந்தது. அதை ஒருவர் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் நாயையோ பூனையையோ பறிகொடுத்த பிறகு வருகிறவர்கள். ஆல்பத்தில் மூலை, செல்போனில் மங்கல், மேலிருந்து எடுத்து மூக்கு மட்டும் வீங்கிய படம். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வாயில்லா ஜீவன் ஏதாவது இருந்தால், இன்று சாயங்காலம் தரையில் உட்காருங்கள். போனை அதன் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முகத்துக்கு அருகில் போகாதீர்கள். இரண்டு மீட்டர் தள்ளியிருந்து ஜூம் செய்யுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சன்னல் வெளிச்சம் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது மாறிவிடும், ஆகவே கூப்பிடாமல் அதுவாகப் பார்க்கும்வரை காத்திருங்கள். எந்தக் காது எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதியும் வையுங்கள்.

பிறகு யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். சிரிக்க மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.